பூட்டிய கதவுக்குப் பின்னால் ஓர் ஊசி

1922 மே 23. நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் அமெரிக்க லைட் ஹெவிவெயிட் பட்டத்துக்கான சண்டை. பட்டம் ஜீன் டன்னியிடம் இருந்தது. எதிராளி ஹாரி கிரெப். சண்டை தொடங்கச் சற்று நேரம் இருக்கும்போது டன்னியின் அறைக்கதவு உள்ளே தாழிடப்பட்டது. கிரெப்பின் மேனேஜர் ஜார்ஜ் எங்கல் வந்து தட்டினார், இடித்தார், கத்தினார். யாரும் திறக்கவில்லை. உள்ளே டன்னியின் நண்பர் டாக்டர் ராபர்ட் ஷே ஊசியும் கையுமாக இருந்தார். பயிற்சியில் பிளந்துபோன இடது புருவத்தில் அட்ரினலின் ஏற்றினார். இரண்டு கைகளின் முட்டிகளிலும், தொல்லை கொடுத்துவந்த இடது முழங்கையிலும் நோவோகெயின் ஏற்றினார். வேலை முடிந்த பிறகே கதவு திறந்தது. எங்கல் உள்ளே நுழைந்ததும் கைக்கட்டுகளை அவிழ்த்துக் காட்டச் சொல்லி ரகளை செய்தார். கட்டுக்குள் ஏதாவது ஒளித்து வைத்திருப்பார்கள் என்பது அவருடைய சந்தேகம். அவிழ்த்துக் காட்டினார்கள். ஒன்றும் இல்லை. மனுஷர் சமாதானமாகிப் போய்விட்டார்.

இதை ஊருக்குச் சொன்னவர் டன்னியேதான், பத்து வருடம் கழித்து எழுதிய தன்வரலாற்றில். படித்தபோது எனக்கு எங்கல் மேல்தான் கவனம் போனது. சரியான கைகளைத்தான் சோதித்தார். தோலுக்கு மேலே மட்டும் சோதித்தார். குத்துச்சண்டையை நடத்துகிறவர்கள் இன்றுவரை பெரும்பாலும் அதையேதான் செய்கிறார்கள்.

நான் மயக்க மருந்து டாக்டர். அரசு ஆஸ்பத்திரிகளில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். ஒரு விரலை, ஒரு கையை, ஒரு காலை மரத்துப்போகச் செய்வதுதான் என் பிழைப்பு. குத்துச்சண்டை என் சின்ன வயதுப் பைத்தியம். வடசென்னையில் வளர்ந்தவனுக்கு அது கேட்காமலே ஒட்டிக்கொள்ளும். இந்த இரண்டும் சந்திக்கிற இடம் அந்தப் பூட்டிய அறை. அதனால்தான் அந்த அறைக்குள் ஊசி எப்படி வந்து சேர்ந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

கதை வெறுங்கைச் சண்டையிலிருந்து தொடங்குகிறது. 1889 ஜூலை 8 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் ரிச்பர்க்கில் ஜான் எல். சல்லிவனும் ஜேக் கில்ரெய்னும் கொளுத்தும் வெயிலில் 75 ரவுண்டு மோதினார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடந்தது. அன்றைய லண்டன் விதிப்படி ஒருவர் கீழே விழுந்தால் ஒரு ரவுண்டு முடிந்தது. ஹெவிவெயிட் பட்டத்துக்கு வெறுங்கையோடு நடந்த கடைசிப் பெரிய சண்டை அது. அந்தக் காலத்து ஆட்கள் கையைப் பதப்படுத்த உப்புநீரில் ஊறவைப்பார்கள். அதைவிட முக்கியம், எங்கே குத்துவது என்பதில் அவர்களுக்கு இருந்த கணக்கு. மண்டையோடு கெட்டி எலும்பு. விரல்களுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இருக்கும் மெட்டாகார்ப்பல் எலும்புகள் பென்சில் கனம். நெற்றியில் ஓங்கிக் குத்தினால் உடைவது குத்தியவன் கைதான். ஆகவே வயிறு, விலா, தாடை என்று பார்த்துப் பார்த்து அடித்தார்கள். நெற்றியைக் குனிந்து கொடுப்பதே ஒரு தற்காப்பு.

1867-இல் வெளியாகி, மெல்ல லண்டன் விதிகளின் இடத்தைப் பிடித்த குவீன்ஸ்பெரி விதிகள் கிளவுஸைக் கட்டாயமாக்கின. பார்க்கிறவர்களுக்குக் கிளவுஸ் அடி வாங்குகிறவனின் பாதுகாப்புக்காக என்று தோன்றும். உண்மையில் அது முதலில் காப்பாற்றியது அடிக்கிறவனின் முஷ்டியை. கை உடையும் பயம் குறைந்ததும் தலை தாராளமான இலக்காகிவிட்டது. பார்த்துப் பார்த்து அடித்தது போய், குத்துகள் சரமாரியாகத் தலைக்கு விழ ஆரம்பித்தன. கை மறுபடி அடிபட்டது. கிளவுஸுக்கு உள்ளே துணிக்கட்டு வந்தது. கட்டுக்கு மேல் டேப் வந்தது. அதுவும் போதாதபோது கட்டுக்கு அடியில், தோலுக்கும் அடியில், ஊசி வந்தது.

இங்கே ஒரு சுவையான பொருத்தம் உண்டு. 1889-இல் குடித்துப் பெருத்துப்போயிருந்த சல்லிவனைப் பட்டினி போட்டு, ஓடவிட்டு, கில்ரெய்ன் சண்டைக்குத் தயாராக்கியவர் வில்லியம் மல்டூன் என்ற மல்யுத்த வீரர். 1922-இல் நியூயார்க் மாநில அத்லெடிக் கமிஷனின் தலைவர் அதே மல்டூன். வெறுங்கைச் சாம்பியனை உருவாக்கிய மனிதரின் ஆளுகையில்தான் டன்னியின் முட்டிகளில் நோவோகெயின் இறங்கியது. முப்பத்து மூன்று வருடத்தில், ஒரே மனிதரின் ஆயுளுக்குள், உப்புநீரிலிருந்து சிரிஞ்சுக்கு வந்துவிட்டார்கள்.

அந்த மருந்துக்கும் தனி வரலாறு இருக்கிறது. 1884-இல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் டாக்டர் கொக்கெயின் கரைசலைக் கண்ணில் விட்டால் கண் மரத்துப்போகிறது என்று கண்டுபிடித்தார். மனிதன் விழித்திருக்கும்போதே உடம்பின் ஒரு பகுதியை மட்டும் உணர்விழக்கச் செய்யலாம் என்பது மருத்துவத்துக்குப் பெரிய திருப்பம். ஆனால் கொக்கெயின் ஆளை அடிமையாக்கியது, சில சமயம் கொன்றது. 1904-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஆல்ஃபிரெட் ஐன்ஹார்ன் புரோகெயினைத் தயாரித்தார். ஹோக்ஸ்ட் கம்பெனி அதற்கு வைத்த பெயர் நோவோகெயின். போதை இல்லை, ஆபத்து குறைவு. ஹைன்ரிக் பிரவுன் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் அதோடு கொஞ்சம் அட்ரினலின் கலந்தால் மருந்து அதே இடத்தில் அதிக நேரம் நிற்கிறது என்று காட்டினார். முதல் உலகப்போருக்குள் பல் டாக்டர்களின் அன்றாடச் சரக்காகிவிட்டது. ஆகவே டாக்டர் ஷே செய்தது புதுமை ஒன்றுமில்லை. பல் பிடுங்கப் பயன்பட்ட மருந்தைக் குத்துவதற்குப் பயன்படுத்தினார், அவ்வளவுதான்.

தொழில்காரன் புத்தி, நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அட்ரினலின் கலக்காத நோவோகெயின் அரை மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம்வரை தாங்கும். மூன்று நிமிடம் வீதம் 15 ரவுண்டு, இடையே ஒவ்வொரு நிமிட ஓய்வு: மொத்தம் 59 நிமிடம். அதற்கு முன்னால் கட்டை அவிழ்த்துக் காட்டி, மறுபடி கட்டி, கிளவுஸ் மாட்டி, மேடை ஏறி, அறிவிப்பெல்லாம் முடிய வேண்டும். முழுச்சண்டைக்கு அந்த மருந்து போதாது. கடைசி ரவுண்டுகள் வரும்போது முட்டிக்குப் பழைய வலி திரும்பியிருக்கும், அதுவரை அடித்த அடிகளின் புது வலியும் சேர்ந்திருக்கும்.

டன்னிக்கு அன்று கையைப் பற்றி நினைக்க நேரம் இருந்திருக்காது. முதல் மோதலிலேயே மூக்கு இரண்டு இடத்தில் உடைந்தது. முதல் ரவுண்டு முடிவதற்குள் ஊசி போட்ட அந்த இடது புருவம் எலும்புவரை கிழிந்தது. மூன்றாவது ரவுண்டில் வலது புருவமும் கிழிந்தது. இடைவேளைகளில் ஆரஞ்சுச் சாறும் பிராந்தியும் கொடுத்து ஷே அவரை நிற்கவைத்தார். பதினைந்து ரவுண்டும் நின்று, பட்டத்தை இழந்தார். தொழில்முறைச் சண்டையில் டன்னி தோற்றது அந்த ஒரே தடவைதான். அட்ரினலின் ஊசிதான் புருவத்தின் தசையை இளக்கி அத்தனை சுலபமாகக் கிழியவைத்தது என்பது அவர் தீர்ப்பு. கையில் போட்ட ஊசியைப் பற்றி அப்படி எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. ஆனால் கையைக் கெட்டிப்படுத்த அவர் நம்பியது வேறு வழிகளை. கனடாவின் காடுகளில் போய் மரம் வெட்டினார். ரப்பர் பந்துகளை நாள் முழுக்கப் பிசைந்தார். 1923 பிப்ரவரியில் கிரெப்பிடமிருந்து பட்டத்தை மீட்டார். 1926 செப்டம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் ஜாக் டெம்ப்சியை வென்று உலகச் சாம்பியனானார்.

இனி அந்தக் கையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம்.

குத்துச்சண்டைக்காரரின் கையை மேசைமேல் துண்டு விரித்துக் குப்புற வைக்கச் சொல்லுங்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் புறங்கையோடு சேருகிற இரண்டு முட்டிகளைப் பாருங்கள். சரியாகக் குத்தப் பழகியவருக்கு அடியின் பாரம் முழுக்க அங்கேதான் இறங்கும். சுண்டுவிரல் பக்கத்து எலும்பு உடைவதற்குப் பாடப்புத்தகத்தில் 'குத்துச்சண்டைக்காரர் முறிவு' என்று பெயர். அது உண்மையில் தெருச்சண்டையிலும் சுவரில் குத்துகிறவர்களிடமும்தான் அதிகம். தேர்ந்த ஆட்டக்காரருக்கு வருவது வேறு நோய். விரலை நீட்டும் தசைநாண் முட்டியின் உச்சியில் ஓடுகிறது. அது இடம் நழுவாமல் இரண்டு பக்கமும் மெல்லிய பட்டைகள் பிடித்து வைத்திருக்கின்றன. அடி விழ விழ அந்தப் பட்டை கிழியும், அடியிலிருக்கும் மூட்டு உறையும் கிழியும். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. விரலை மடக்கும்போது தசைநாண் பக்கவாட்டில் வழுக்கி விழுவதைக் கைவைத்து உணரலாம். 1957-இல்தான் இதைத் தனி நோயாகப் பெயரிட்டு மருத்துவ இதழில் எழுதினார்கள். அதற்கு முன் எத்தனையோ பேர் அதை 'முட்டி வீக்கம்' என்று ஐஸ் வைத்துக்கொண்டு சமாளித்திருப்பார்கள்.

மரத்துப்போகும் ஊசி போடுவது சுலபம். முட்டியின் இரண்டு பக்கமும், எலும்புகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் மெல்லிய ஊசி இறங்கும். ஒவ்வொரு பக்கமும் ஒன்றிரண்டு மில்லி போதும். முதலில் சுருக்கென்று ஓர் எரிச்சல். இரண்டு மூன்று நிமிடத்தில் கதகதப்பு. ஐந்து நிமிடத்தில் அந்த இடத்தைக் கிள்ளினாலும் தெரியாது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: வலி போகும், பலம் போகாது. முஷ்டியை இறுக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. முட்டியைச் சுற்றி மருந்தைப் பரப்பினால் அந்தத் தசைகளுக்கு ஒன்றும் ஆகாது. பழைய வேகத்தில், பழைய பலத்தில் குத்தலாம். குத்துச்சண்டையில் இந்த ஊசிக்குக் கிராக்கி இருப்பதற்கு இதுதான் காரணம்.

வலி அங்கே சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அடிபட்ட கையோடு குத்துகிறவன் தனக்கே தெரியாமல் குத்தைக் கொஞ்சம் அடக்கிக்கொள்வான், கோணத்தை மாற்றுவான், அந்தக் கையை வீசவே யோசிப்பான். ஊசி அந்த யோசனையை எடுத்துவிடுகிறது. 1985-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வில், உலகத் தரவரிசையில் இருந்த ஒரு பிரிட்டிஷ் ஹெவிவெயிட்டின் குத்தை அளந்தார்கள். உச்ச விசை 4,096 நியூட்டன், கிட்டத்தட்ட 400 கிலோ பாரம். பட்ட 14 மில்லி விநாடிக்குள் அந்த உச்சம் வந்துவிட்டது. அது எதிராளியின் தாடையில் இறங்கும் பாரம். அதே பாரம் திரும்பி அடித்தவனின் முட்டிக்கும் வருகிறது. ஏற்கெனவே கிழிந்த பட்டைமேல், உணர்வே இல்லாமல், ரவுண்டுக்கு எத்தனையோ தடவை.

1922-க்குப் பிறகு மருந்துகள் மேம்பட்டன. ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் 1943-இல் லிக்னோகெயினை உருவாக்கினார். ஐந்து வருடத்தில் அது ஜைலோகெயின் என்ற பெயரில் கடைக்கு வந்தது. இன்றும் நம்மூர் ஆஸ்பத்திரிகளில் தையல் போடும் மேசைமேல் இருக்கும் மருந்து அதுதான். நோவோகெயினைவிடச் சீக்கிரம் பிடிக்கும், அதிக நேரம் நிற்கும். அட்ரினலின் கலந்தால் ஒரு முழுச்சண்டைக்குத் தாராளம். அதற்குப் பின் வந்த பியூபிவகெயின் பல மணி நேரம் தாங்கும். ஹோட்டல் அறையிலேயே போட்டுக்கொண்டு அரங்கத்துக்குக் கிளம்பலாம். கதவைத் தாழிட வேண்டிய அவசியமே இல்லை. இன்னொரு பக்கம் 1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹெஞ்சும் எட்வர்ட் கெண்டலும் மூட்டுவாத நோயாளிக்குக் கார்ட்டிசோன் கொடுத்துப் பார்த்தார்கள். நடக்க முடியாதவர்கள் நடந்தார்கள். 1950-இல் நோபல் பரிசு வந்தது. 1951-இலிருந்து அதே குடும்பத்து மருந்தை நேராக மூட்டுக்குள் போடும் வழக்கம் பரவியது. ஒன்று வலியை மறைக்கும், மற்றொன்று வீக்கத்தை அடக்கும். இரண்டையும் ஒரே சிரிஞ்சில் கலந்துவிட்டால் கை புதுக்கை மாதிரி இருக்கும், சில மணி நேரத்துக்கு.

அந்தக் கலவை போன கைகளில் உலகமே அறிந்தவை முகமது அலியின் கைகள்.

வியட்நாம் போருக்குப் போக மறுத்ததற்காக 1967-இல் அலியின் பட்டத்தைப் பறித்தார்கள். மூன்றரை வருடம் சண்டை இல்லை. 1970 அக்டோபரில் அட்லாண்டாவில் ஜெர்ரி குவாரியோடு மோதித் திரும்பி வந்தபோது அவருடைய கால்களின் வேகம் குறைந்திருந்ததை எல்லோரும் கவனித்தார்கள். கைகள் கெட்டிருந்ததை உள்வட்டம் மட்டும் அறிந்திருந்தது. அலியின் மூலையில் நின்ற டாக்டர் ஃபெர்டி பச்சேகோ மயாமியில் ஏழைக் கறுப்பர்கள் வாழும் ஓவர்டவுன் பகுதியில் கிளினிக் வைத்திருந்தவர். அலியின் பயிற்சியாளர் ஏஞ்செலோ டண்டியின் ஜிம்முக்கு வருகிற ஆட்டக்காரர்களைக் கவனித்துக்கொண்டவர். அந்தக் காலகட்டத்தில் சண்டைகளுக்கு முன் அலியின் கைகளில் கார்ட்டிசோனும் மரத்துப்போகும் மருந்தும் ஏற்றியதைப் பின்னாளில் அவரே சொன்னார்.

பச்சேகோவை வில்லனாக்க எனக்கு மனம் வரவில்லை. 1977 செப்டம்பரில் எர்னி ஷேவர்ஸோடு அலி பதினைந்து ரவுண்டு மோதிய பிறகு வந்த பரிசோதனை அறிக்கையில் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருப்பது தெரிந்தது. அதை அலிக்கும் அவரைச் சேர்ந்தவர்களுக்கும் அனுப்பி, நிறுத்தச் சொன்னார் பச்சேகோ. பதில் வரவில்லை. அவர் விலகிக்கொண்டார். அந்தக் கூடாரத்திலிருந்து மனசாட்சிக்காக வெளியே போனவர் என்று பார்த்தால் அவரைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் சிறுநீரகத்தில் தெரிந்த எல்லைக்கோடு கையில் ஏன் தெரியவில்லை? நானும் டாக்டர் என்பதால் விடை ஓரளவு புரிகிறது. சிறுநீரகம் உயிர் விஷயம். கை வலி 'சின்ன விஷயம்'. நோயாளி தானாகக் கையை நீட்டுகிறார், மருந்து அறையிலேயே இருக்கிறது, ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்த ஊசியால் மேடையில் கூடுதலாகக் கழிந்த ஒவ்வொரு ரவுண்டிலும் அலி தலையில் அடியும் வாங்கினார். 1984-இல் பார்கின்சன் அறிகுறிகள் உறுதியாயின. ஊசிதான் அதற்குக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். உடம்பு 'போதும்' என்று சொல்ல வைத்திருக்கும் வாய்களில் ஒன்றை அந்த ஊசி அடைத்துவிட்டது என்று மட்டும் சொல்வேன்.

1980-இல் அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டார். முதலமைச்சர் எம்.ஜி.ஆர். வந்திருந்தார். கூட்டத்தில் நானும் ஒருவன். ஊரே அவர் முகத்தையும் கால்களையும் பார்த்தது. நானும் அப்படித்தான் பார்த்தேன். அந்தப் பெரிய கிளவுஸுக்குள் என்ன இருக்கிறது என்று யோசிக்க எனக்கு அன்று படிப்பும் போதாது, வயதும் போதாது.

பின்னால் வந்த தலைமுறைக்கும் கைகள் தொல்லை கொடுத்தன. 2001 மே மாதம் கார்லோஸ் ஹெர்னாண்டஸை எதிர்த்த சண்டையில் ஃபிளாய்டு மேவெதர் இடது கையால் குத்திவிட்டு, வலி தாங்காமல் குனிந்து கிளவுஸைத் தரையில் ஊன்றினார். விதிப்படி அது வீழ்ச்சியாக எண்ணப்பட்டது. அவரை வீழ்த்தியது எதிராளியின் கை அல்ல, சொந்தக் கை. 2005 செப்டம்பரில் கார்டிஃபில் ஜோ கால்சாகி, எவன்ஸ் அஷீராவுக்கு எதிராக இடது கை எலும்பு உடைந்த பிறகும் மீதிச் சண்டையை ஏறக்குறைய ஒற்றைக் கையால் ஆடி வென்றார். பிரிட்டனின் ஒலிம்பிக் குழுவை 2005 முதல் 2012 வரை பின்தொடர்ந்த ஆய்வில் கையும் மணிக்கட்டும்தான் அதிகம் அடிபடும் இடங்கள் என்று தெரிந்தது. பயிற்சியில் 1,000 மணி நேரத்துக்கு அரைக் காயம்கூட இல்லை. போட்டியில் அதே 1,000 மணி நேரத்துக்கு 347. காரணம் கஷ்டமானதல்ல. பயிற்சியில் கட்டு கனம், கிளவுஸ் பெரிது. போட்டியில் இரண்டும் மெலிது, குத்து முழு வேகம்.

இதற்கெல்லாம் விதிகள் என்ன சொல்கின்றன? கட்டைப் பற்றி நிறையச் சொல்கின்றன. 1983 ஜூன் மாதம் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் லூயிஸ் ரெஸ்டோவின் கிளவுஸிலிருந்து பஞ்சு எடுக்கப்பட்டிருந்தது சண்டைக்குப் பிறகு தெரியவந்தது. அடி வாங்கிய பில்லி காலின்ஸின் கண் பாழாகி, அவர் ஆட்டம் அன்றோடு முடிந்தது. ரெஸ்டோ சிறைக்குப் போனார். 2009 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் அந்தோனியோ மார்கரிட்டோவின் கைக்கட்டுக்குள் பிளாஸ்டர் போல இறுகிய பட்டைகளை எதிராளி ஷேன் மோஸ்லியின் பயிற்சியாளர் நஜீம் ரிச்சர்ட்சன் கண்டுபிடித்தார். மார்கரிட்டோவின் உரிமம் பறிபோனது. இன்று பெரிய சண்டைகளில் கட்டுப் போடும்போது எதிராளியின் ஆள் பக்கத்தில் நின்று பார்க்கிறார். கமிஷன் அதிகாரி டேப்பின்மேல் கையெழுத்துப் போடுகிறார். எங்கலின் சந்தேகத்துக்குச் சட்டமே துணை நிற்கிறது. கட்டுக்குக் கீழே, தோலுக்குள் என்ன போனது என்று கேட்க மட்டும் அதே அளவு முனைப்பு இல்லை.

ஊக்கமருந்துத் தடைப் பட்டியலைப் பார்த்தாலும் அப்படித்தான். 1990-களில் ஒலிம்பிக் கமிட்டியின் பட்டியலில் மரத்துப்போகும் ஊசிகள் நிபந்தனைக்கு உட்பட்டவை. கொக்கெயின் கூடாது, மருத்துவக் காரணம் வேண்டும், டாக்டர் எழுதித் தெரிவிக்க வேண்டும். இன்றைய உலக ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனத்தின் பட்டியலில் லிக்னோகெயினுக்குத் தடை இல்லை. கார்ட்டிசோன் வகை ஊசிகளுக்கு மட்டும் 2022 முதல் போட்டிக்காலத் தடை இருக்கிறது. மரத்துப்போகும் ஊசி யாருடைய திறனையும் கூட்டுவதில்லை, இருப்பதைத் திருப்பித் தருகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். ஓட்டக்காரரின் கால்விரலுக்கு அந்த நியாயம் சரி. கெடுவது அவர் விரல் மட்டும். குத்துச்சண்டையில் மரத்துப்போகிற உறுப்பே ஆயுதம். அது இன்னொருவர் தலையில் இறங்குகிறது. கட்டுக்குள் பிளாஸ்டர் வைப்பதும் ஊசியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. முதலாவது மோசடி. ஆனால் இரண்டிலும் எதிராளிக்குத் தெரியாமல் கை மாற்றப்படுகிறது.

ஒரு பெரிய சண்டையில் இந்தக் கேள்வி வெளிச்சத்துக்கு வந்தது, அதுவும் தோள் விஷயமாக. 2015 மே 2 அன்று லாஸ் வேகாஸில் மேவெதரோடு மோதவிருந்த மேனி பாக்கியாவோ, அன்று மாலை வலது தோளில் வலிக்கான டோரடால் ஊசி போட அனுமதி கேட்டார். அந்த மருந்து தடைப் பட்டியலில் இல்லை. நெவாடா கமிஷன் மறுத்துவிட்டது. தோள் காயத்தைப் பற்றிக் கமிஷனிடம் முன்கூட்டி யாரும் சொல்லவில்லை, சண்டைக்கு முந்தைய படிவத்திலும் காயம் இல்லை என்றே குறிக்கப்பட்டிருந்தது. அவர் ஊசியில்லாமல் ஆடித் தோற்றார், பிறகு தோளில் ஆபரேஷன் செய்துகொண்டார். கமிஷன் கொடுமை செய்ததாகப் பலர் கோபப்பட்டார்கள். என் வாக்கு கமிஷனுக்கு. ஆனால் அந்தத் தோளோடு அவரை மேடையேறவும் விட்டார்களே, அது பாதித் தீர்ப்பு.

ஊசி கேட்கிறவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. குத்துச்சண்டைக்காரருக்கு மாதச் சம்பளம் கிடையாது. வாரக்கணக்கில் கைக்காசு போட்டுப் பயிற்சி எடுத்து, மேடை ஏறினால்தான் பணம். கடைசி வாரத்தில் கை வீங்கிவிட்டது என்று சொன்னால் பணமும் போச்சு, வாய்ப்பும் போச்சு. தன் நிலைமையைத் தட்டிக்கேட்க ஒரு வலுவான சங்கம்கூட அவருக்கு இல்லை. ஊசியை மறுக்கிற டாக்டர் அவர் கண்ணுக்கு வயிற்றில் அடிக்கிறவராகத்தான் தெரிவார்.

பணமே இல்லாத இடத்திலும் இதே பேச்சுத்தான். வடசென்னையில் ஒரு மாவட்டப் போட்டிக்கு ரிங் டாக்டராக உட்கார்ந்திருந்தேன். இறுதிச் சுற்றுக்கு வந்த ஒரு பையனைப் பயிற்சியாளர் கூட்டிவந்தார். வலது கை நடுவிரல் முட்டி நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

"டாக்டர் சார், மூணு ரவுண்டுதான். மரத்துப்போற ஊசி ஒண்ணு போட்டு விட்டுடுங்க. ஜெயிச்சா சர்டிபிகேட்டு, வேலைக்கு ஆவும்."

"முஷ்டியை மடக்கி என் உள்ளங்கையில அழுத்துப்பா" என்றேன்.

பையன் அழுத்தினான். முட்டியின் மேலிருந்த தசைநாண் என் விரலுக்கு அடியில் நழுவிப் பக்கவாட்டில் விழுந்தது. முகத்தைச் சுளிக்காமல் இருக்க அவன் பட்ட பாட்டைப் பார்த்தேன்.

"வலி இல்ல சார்" என்றான்.

"வலி இல்லன்னா ஊசி எதுக்கு?"

பயிற்சியாளர் கோபமாகப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் என்னோடு சரியாகப் பேசியதில்லை. நான் பையனை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவை சிகிச்சைப் பிரிவு அங்கே இருக்கிறது. கைக்கு அதைவிட நல்ல இடம் நம்மூரில் எனக்குத் தெரியாது. பட்டை கிழிந்திருந்தது, தைத்தார்கள். அன்று நான் ஊசி போட்டிருந்தால் அவனுக்கு ஒன்பது நிமிடம் வலி தெரிந்திருக்காது. தைக்க ஏதாவது மிச்சம் இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

மரத்துப்போகும் ஊசியைக் குறை சொல்ல நான் யார்? ஆயுள் முழுக்க எனக்குச் சோறு போட்டது அது. ஆபரேஷன் மேசையில் நோயாளி அசையாமல் படுத்திருக்கிறார், காயத்தைச் சரிசெய்ய ஒருவர் காத்திருக்கிறார். வலியை எடுத்துவிடுவது அங்கே சிகிச்சை. குத்துச்சண்டை மேடைக்கு முன் அதே மருந்து போகும்போது சரிசெய்ய யாரும் காத்திருப்பதில்லை. காயத்தைப் பெரிதாக்கத்தான் மணி அடிக்கப்போகிறது.

ஆகவே நான் கேட்பது மூன்றே விஷயம். சண்டைக்கு முந்தைய சில வாரங்களில் கையில் போட்ட ஒவ்வொரு ஊசியும் என்ன மருந்து, எந்த இடம், யார் போட்டது என்று எழுத்தில் கமிஷனுக்குப் போகவேண்டும். எதிராளியின் டாக்டரும் அதைப் பார்க்க வேண்டும். கட்டுப் போடுவதற்கு முன் வெறுங்கையை ஒரு டாக்டர் அழுத்திப் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். டேப்பின்மேல் போடும் கையெழுத்துக்கு ஆகும் நேரம்தான் ஆகும். சண்டை நாளில் மரத்துப்போகும் ஊசிக்கு அனுமதியே கூடாது. அது தேவைப்படுகிறது என்றால் அந்தச் சண்டையைத் தள்ளிவைக்க வேண்டும், தள்ளிவைப்பதால் ஆட்டக்காரருக்கு ஏற்படும் இழப்பை நடத்துகிறவர்கள் ஏற்க வேண்டும். கடைசி வரி இல்லாமல் முதல் இரண்டும் பலிக்காது. பட்டினியை அவன் தலையில் கட்டிவிட்டு உண்மையை அவனிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பெரிய கமிஷன்கள் இதைச் செய்யும்வரை நம் மாவட்ட மேடைகள் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பிள்ளை குத்துச்சண்டைக்குப் போகிறான் என்றால், போட்டிக்கு முன் அவன் கையைப் பிடித்து முட்டியை அழுத்திப் பாருங்கள். ஊசி போட்டால்தான் மடங்கும் கை அன்றைக்கு மேடை ஏறக்கூடாது.